ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடித்த காலை

இடது காலணிக் கயிற்றை முடிந்துவிட்டு வலது காலுக்கு வந்தபோதுதான் மனைவி தான் வரவில்லை என்று சொன்னாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

மருந்துக்கடைக்காரர் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். வெளியே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. மறுநாள் ஊருக்கு விமானம். காட்டுக்குள் போக இதுதான் கடைசிக் காலை.

"ஏம்மா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அந்த ஜீப்புல குலுங்கிக் குலுங்கி இடுப்பு தனியாக் கழண்டு வந்துடும் போலிருக்கு."

"மாத்திரை போட்டியா?"

"மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டிகிட்ட கேக்கற கேள்வியா இது?"

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி ஒழுங்காகத்தான் ஓடியது. முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார். "அப்ப நானும் போகல" என்று கயிற்றை அவிழ்க்கப் போனவரின் கையை அவள் தட்டிவிட்டாள்.

"அட, போங்கன்னா! போயிட்டு வந்து சொல்லுங்க. நான் கடையப் பாத்துக்கறேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கே கடை? கடையை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தானே விமானம் ஏறியிருந்தார்கள்.

மருந்துக்கடையை மூடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். எந்தக் குழந்தைக்கு எப்போது காய்ச்சல் அடிக்குமென்று யார் கண்டது? அதனால் கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. விசேஷ வீட்டுக்கு அவர் போனால் கடையில் அவள். சினிமாவுக்கு அவர் முதல் காட்சி என்றால் அவள் அடுத்த காட்சி. போய்வந்தவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பார்த்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். அவர் சொல்வது தந்தி மாதிரி இருக்கும். சட்டென்று முடித்துவிட்டு "இப்ப நீ சொல்லு" என்பார். அவ்வளவுதான், அவள் பிடித்துக்கொள்வாள். இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமின இருமலைக்கூட அப்படியே இருமிக் காட்டுவாள். மகளுடைய பள்ளி நடனத்தை அவர் பார்த்ததேயில்லை. மனைவி கடைக்குள் ஆடிக் காட்டியதுதான். ஆனாலும் அதைத் தன் கண்ணால் பார்த்ததாகத்தான் இன்றைக்கும் அவருக்கு ஞாபகம்.

ஆப்பிரிக்கா ஆசை அவளுடையது. மருந்து கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன காலண்டரில் வரிசையாக ஒட்டகச்சிவிங்கிகள். வருஷம் முடிந்த பிறகும் அதைச் சுவரிலிருந்து கழற்ற அவள் விடவில்லை.

"இவ்ளோ ஒசரமா இருக்கே, தண்ணி எப்படிங்க குடிக்கும்? கழுத்து கீழ வரைக்கும் எட்டுமா?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்பக் கூட்டிட்டுப் போங்க."

இந்தப் பேச்சு அந்தக் கடையில் எத்தனை தடவை நடந்திருக்குமோ! போனில் தேடிக் காட்டுகிறேன் என்று மகள் வந்தபோதுகூட அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "காட்டிடாதடி! நான் நேர்ல பாத்துக்கறேன்." கடைசியில் மகள்தான், போவதுதான் போகிறீர்கள், ராஜா ராணி மாதிரி போய்வாருங்கள் என்று இந்தச் சொகுசு ஏற்பாட்டையெல்லாம் செய்தாள். கூடாரம் என்று பேர்தான். உள்ளே ஆள் நீந்தும் அளவுக்குக் குளியல் தொட்டி. வெளியே மரத்தளம், சாய்வு நாற்காலிகள், எதிரே ஒரு குட்டை. துண்டைப் பறவைபோல மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தார்கள். பிரிக்க மனசு வராமல் அவள் தன் பழைய துண்டாலேயே துவட்டிக்கொண்டாள்.

வந்த நாளிலிருந்து சிங்கம், வரிக்குதிரை, காட்டெருமை எல்லாம் பார்த்தாயிற்று. ஒட்டகச்சிவிங்கியும் கூட்டங்கூட்டமாகப் பார்த்தார்கள். ஒன்றாவது தண்ணீரில் வாய் வைக்க வேண்டுமே! இலையைத் தின்பதும் இவர்களை வேடிக்கை பார்ப்பதுமாக நின்றன. "விரதம் போலிருக்கு" என்றாள் அவள். சாயங்காலம் கூடாரத்துக்குத் திரும்பினால் இன்னொரு சங்கடம். இரண்டு பேரும் ஒன்றாகவே பார்த்துவிட்டதில், சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார்கள். "சேந்து பாத்தா இதாங்க தொல்லை" என்று சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அவளைவிட்டு அவர் மட்டும் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். திரும்பி வந்து சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

ஜீப்பில் அவர் கண்ணால் பார்த்ததைவிட மனசுக்குள் ஒத்திகை பார்த்ததுதான் அதிகம். தாய்ச் சிங்கத்தின் வாலைக் கடித்து அறை வாங்கிய குட்டி. பள்ளத்தில் மாட்டிய சக்கரம். ஜீப்பைத் தள்ள இறங்கிய வெள்ளைக்காரரின் தொப்பியைக் காற்று கொண்டுபோனது. இன்றைக்குத் தந்தியடிக்கக் கூடாது, நன்றாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆற்றங்கரையில் வெகுநேரம் காத்திருந்தும் ஒட்டகச்சிவிங்கி எதுவும் இறங்கவில்லை. அவருக்கு உள்ளூர நிம்மதி. அவளில்லாமல் அதை மட்டும் பார்த்துத் தொலைத்திருந்தால் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

திரும்பி வந்து இறங்கியதும், கூடாரங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஓட்டமும் நடையுமாக எதிரே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் பாஷை இவருக்குத் தெரியாது. இவர் பாஷை அவளுக்குத் தெரியாது. ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டி நெட்டைக் கழுத்தாக்கினாள். குட்டைப் பக்கம் காட்டினாள். அவருடைய மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி, உதட்டின்மேல் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று தன்னிடம் ஜாடை காட்டியதையும் நடித்தாள். பிறகு, அது எப்படிக் குடித்தது என்று காட்டுவதற்காகப் புடைத்த பாவாடையை இடுக்கிக்கொண்டு கால்களை அகட்டப் போனாள்.

அவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா, வேணாம்! அவளே சொல்லட்டும். நீங்க சொல்லிட்டா என்னைக் கொன்னுடுவா!"

வார்த்தை புரியாவிட்டாலும் அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் வயதையும் மறந்து படிகளில் இரண்டிரண்டாக ஏறினார்.

"அடி கள்ளி! என்னைத் துரத்திவிட்டுட்டுத் தனியாப் பாத்துட்டியாமே?"

அவள் சாய்வு நாற்காலியில் குட்டையைப் பார்த்தபடி இருந்தாள். தொலைநோக்கி மடியில் கிடந்தது. கண்ணாடி மூக்குத் தண்டிலிருந்து இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்ல வந்ததைப்போல.

காலையில் பிடித்த அதே மணிக்கட்டைப் பிடித்தார். விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை. அவர் போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் ஓடிவந்தாள். விடுதி மருத்துவர் வந்தார், பார்த்தார், அவர் தோளில் கை வைத்தார். தூக்கத்தில் நிற்பதுபோல இதயம் அமைதியாக நின்றிருக்கிறது என்றார். மகளிடம் போனில் மருந்துக்கடைக்காரரே பேசினார். அந்தப் பக்கம் அழுகை ஓய வெகுநேரம் ஆனது.

"அம்மா... அதைப் பாத்தாங்களாப்பா?"

"பாத்துட்டாம்மா. கூடாரத்துக்கு முன்னாலயே வந்து குடிச்சுதாம்."

"எப்படிப்பா குடிச்சுதாம்?"

அவர் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவ இன்னும் சொல்லலையே" என்றார்.

மற்றவர்கள் வண்டி ஏற்பாடு செய்யப் போனார்கள். அந்த அம்மாள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். இவருக்குத் தர அவளிடம் வேறென்ன இருக்கிறது? மெல்ல ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். அவர் தலையை அசைத்தார். "வேணாம்மா" என்றார். அவள் கையை இறக்கிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தாள்.

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்து மனைவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இறங்கியிருந்த கண்ணாடியைச் சரியாக மாட்டிவிட்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சிங்கக்குட்டியைச் சொன்னார், அது வாங்கிய அறையைச் சொன்னார். சக்கரம் பள்ளத்தில் இறங்கியதை உறுமிக் காட்டினார். தொப்பி பறந்ததைக் கையால் பறக்கவிட்டுக் காட்டினார். வாழ்நாளில் இவ்வளவு விஸ்தாரமாக அவர் எதையும் சொன்னதில்லை.

"அவ்ளோதான். இப்ப நீ சொல்லு."

குட்டையோரச் சேற்றில் இரண்டு குளம்புத் தடங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக அகன்று பதிந்திருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.