வற்றும் பெருக்கும்

2003 டிசம்பரில், நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை, யேர்மனியின் எசன் நகரத்தின் வடக்குப் பக்கத்தில் சுரங்கக்காரர் கட்டிய பழைய செங்கல் கோயிலுக்குள் கடல் வந்தது. வந்த கடல் திரும்பிப் போகவில்லை. அதைக் கொண்டுவந்தவள் சிஸ்டர் பேர்பெச்சுவா என்று ஊர் சொன்னது. அவள் அதை மறுக்கவும் இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

அவள் மன்னார் பேசாலையாள். தகப்பனோடு கரைவலை இழுத்து உள்ளங்கை காய்த்துப்போனவள். இருபத்தாறு வயதில் கன்னியர் சபை அவளை யேர்மனிக்கு மிஷனரியாக அனுப்பியபோது, ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சாமிமார் வேதத்தைத் தூக்கிக்கொண்டு தங்கள் கரைக்கு வந்தமாதிரித் தானும் போவதாகத்தான் நினைத்தாள். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இங்கே வேதத்துக்கு ஒருவருக்கும் அவசரமில்லை, சக்கர நாற்காலி தள்ளத்தான் ஆள் தேவை என்று. மடத்தில் இருந்த கன்னியர் எல்லோரும் கிழவிகள். காலையில் அவர்களைக் குளிப்பாட்டி, ஐஸ்கட்டி மாதிரிக் கிடக்கும் கால்களைத் துடைத்துக் காலுறை மாட்டிவிட்டாள். பின்னேரம் பாணும் குளிர்ந்த இறைச்சித் துண்டும் தின்றாள். அந்த நாட்டைப் பற்றி அவள் கண்டுகொண்டது இவ்வளவுதான்: கதவை அடித்துச் சாத்தக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்து வெளியே காயப்போடக்கூடாது, செத்தவீட்டில்கூட ஒருத்தரும் குரலெடுத்து அழமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு தேத்தண்ணி குடிக்கவும் நாளும் நேரமும் குறித்து டெர்மீன் எடுக்கவேண்டும். கடவுளுக்கும் அதே டெர்மீன்தான், ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம். அதற்கும் ஒரு கைப்பிடிக் கிழடுகள் ஆளுக்கொரு வாங்கில் தள்ளித் தள்ளி இருந்தார்கள், கோட்டைக் கழற்றாமல். செலவு கட்டாது என்று கோயிலில் ஹீட்டரை நிறுத்தி வருசக்கணக்காகிவிட்டது.

அந்தக் குளிருக்குள் பேர்பெச்சுவா, மடு மாதா கோயிலுக்குப் போகிறவள்போலச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். முதல் கிழமையே மடத்துத் தலைவி மதர் ஆடெல்ஹைட் கூப்பிட்டு, இது காடு இல்லை, சப்பாத்தைப் போடு என்றார். போட்டாள். மதர் அங்காலே திரும்பியதும் கழற்றினாள்.

மாதத்தில் ஒரு பின்னேரம் அந்தக் கோயிலைத் தமிழ்ச்சனத்துக்கு விட்டிருந்தார்கள். ஊர்ச் சண்டைக்குப் பயந்து ஓடிவந்து, கோப்பை கழுவியும் பார்சல் ஏற்றியும் பிள்ளைகளைப் படிப்பிக்கிற சனம். நத்தார்ப் பூசை கிட்ட வர, வாங்குகளுக்குக் கீழே கிடந்த கறுத்த ஊத்தையைப் பார்த்துப் பேர்பெச்சுவாவுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் பெருநாள் வந்தால் வாளி வாளியாய் ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்து, எல்லாத்தையும் வாசலால் தள்ளிவிடுவார்கள். அதையே இங்கேயும் செய்வோம் என்றாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற றீற்றா அக்கா மட்டும் கொஞ்சம் இழுத்தாள்.

"சிஸ்டர், இஞ்ச தண்ணி ஊத்திறேல்ல. ஈரத்துணியாலதான் துடைக்கிறது."

"பெருநாளுக்கு நீங்கள் முகத்தைத் துடைச்சுப்போட்டே வாறனீங்கள், அக்கா?"

"சரி, ஊத்துங்கோ. பிடிபட்டா உங்களை ஆரெண்டே எனக்குத் தெரியாது."

ஊற்றினார்கள். ரெஸ்ரோறன்றில் வேலை செய்கிற புவனேந்திரன் அண்ணை கொண்டுவந்த ஊறுகாய் வாளிகள் பீடத்துக்கும் குழாயடிக்குமாக ஓடின. தண்ணீர் போக வழியே இல்லை என்பது, எல்லாம் ஊற்றி முடிந்த பிறகுதான் தெரிந்தது. கீழே நிலக்கரி தோண்டித் தோண்டி நிலம் இறங்கி, கோயில் தரை தெருவைவிடப் பதிந்து கிடந்தது. கணுக்கால் மட்டும் நின்ற தண்ணீர் பின்னேரம் முழங்காலுக்கு ஏறியது. விடிய வற்றியது. வற்றின தரையில் பீடத்தடியில் பாசியும் இரண்டு நண்டும் கிடந்தன. பேர்பெச்சுவா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பேசாலை உப்பு.

கோயிலைப் பராமரிக்கிற ஹெர் நோவாக் பழைய சுரங்கக்காரர். பம்ப் கொண்டுவந்து, திரும்ப ஏறிய தண்ணீரைப் பகல் முழுக்க இழுத்தார். தெருவோர வடிகான் நிரம்பியதே தவிர கோயில் தண்ணீர் ஒரு விரல் இறங்கவில்லை. அவர் பம்பை நிறுத்திச் சிகரெட் பற்றவைத்தார். இந்த ஊருக்குக் கீழே சுரங்கத்துப் பம்ப் ஓடாவிட்டால் முழு ஊரும் குளம்தான், நான் செத்த பிறகும் அது ஓடவேண்டும், ஆனால் இது வேறு தண்ணி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பிறகு வந்த நிபுணர்களில் ஒருவர் குழாய் வெடிப்பு என்றார், மற்றவர் ஊற்று என்றார். வாங்குகளுக்கிடையில் நீந்திய கீரிமீனுக்கு ஒருத்தரிடமும் விளக்கமில்லை. புவனேந்திரன் அண்ணை அதைப் பிடித்துச் சொதி வைத்தார்.

கோயிலின் பங்குச்சபைக்குப் பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது. நத்தாருக்குப் பிந்திய ஞாயிறு பூசையில் எல்லோருக்கும் முன்னால், நான் செய்தது பிழை என்று பேர்பெச்சுவா சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த பிளேனில் மன்னாருக்கு அனுப்பிவிடுவோம், தமிழருக்கும் இனிக் கோயில் இல்லை என்றார்கள்.

"ஒரு சொல்லுத்தானே, சொல்லிப்போட்டு இருங்கோவன்" என்றாள் றீற்றா அக்கா. "நான் இந்த நாட்டில நாள் முழுக்க என்ட்ஷூல்டிகுங், மன்னியுங்கோ எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். பல்லு ஒண்டும் கொட்டேல்ல."

"செய்த பிழைக்கு நூறுதரம் சொல்லுவன் அக்கா. கோயில் கழுவினதுக்குச் சொல்ல ஏலாது."

"எங்கட கோயிலும் போகுது, சிஸ்டர்."

"பிழையெண்டு நான் சொன்னால், வாளி தூக்கின நீங்கள் எல்லாரும் பிழைகாரர். பிறகு இந்தக் கோயில் எங்கட கோயிலே?"

"அப்ப பெட்டியைக் கட்டுங்கோ."

"கட்டிப்போட்டன்."

ஞாயிறு வந்தது. கிழடுகள் வாங்குகளில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். தமிழ்ச்சனம் பின்னால் தண்ணீருக்குள் நின்றது. பேர்பெச்சுவா முன்னால் போய், கையில் இருந்த கொஞ்ச யேர்மன் சொற்களை வைத்துச் சொன்னாள்: நான் கழுவினேன். ஊத்தையாய்க் கிடந்தது. கழுவுவது பாவமில்லை. மன்னிப்பைக் காதால் கேட்கவென்று முன்வரிசைக்கு வந்து நின்ற மதர் ஆடெல்ஹைட்டின் கறுத்த சப்பாத்துக்குள் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. எல்லோரும் மதரைப் பார்த்தார்கள். மதர் வாங்கைப் பிடித்துக் குனிந்து, ஒரு சப்பாத்தைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார், காலுறைகளை உருவினார். அப்படியே நின்றார். பிறகு, சூடாக இருக்கிறது என்றார்.

உண்மைதான். வெயில் ஏறிய நேரம் பேசாலைக் கரையில் கால் நனைத்தால் எவ்வளவு சூடோ, அவ்வளவு. ஆட்டுத்தோல் சப்பாத்து, ரப்பர்ச் சப்பாத்து என்று ஒவ்வொன்றாய் மிதக்கத் தொடங்கின. பெட்டியை அவிழ் என்று பேர்பெச்சுவாவுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அவளே அவிழ்த்தாள்.

2006இல் ஆளில்லாத கோயில்களை மூடத் தொடங்கியபோது இதையும் விற்கப் பார்த்தார்கள். உள்ளே சுவர் ஏறி விளையாட இடம் கட்டலாம் என்று வந்த ஒருவர், பெருக்கு நேரத்தில் வந்து இடுப்புவரை நனைந்து போனார். பிறகு வேறொருத்தரும் வரவில்லை. கோயிலில் ஆளில்லை என்றும் சொல்லமுடியவில்லை. மாரிக் குளிரில் அயலில் உள்ள கிழடுகள் கால் நனைக்கவென்று கிழமை நாளிலும் வந்தார்கள். ஒரே வாங்கில் நெருங்கி இருந்து, டெர்மீன் இல்லாமல் கதைத்தார்கள். பூசை நேரம் வற்றையும் பெருக்கையும் பார்த்து வைக்கப்பட்டது.

2009இல் பங்குக்குப் புதிதாக வந்த இளம் சாமியார், மினுக்கின சப்பாத்தோடு கோயில் வாசலில் கால் வைத்தார். அந்த நேரம் பேர்பெச்சுவா மதர் ஆடெல்ஹைட்டைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். மதர் கையை உயர்த்தி நாற்காலியை நிறுத்தச் சொன்னார். சாமியாரின் காலைப் பார்த்தார்.

இது காடு இல்லை, கழற்று என்றார்.