காயாத வேப்பிலை

முக்கூடலில் பீடிக்கடைத் தெருவின் கடைசி ஓட்டு வீட்டில், இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் மூன்றாம் செவ்வாயிலிருந்து, உள்ளே இருந்தவர்களால் வெளியே வர முடியாமல் போயிற்று. கதவு திறந்துதான் இருந்தது. வாசற்படியைத் தாண்டிக் காலை வைத்தால் அந்தக் கால் தெருவில் விழவில்லை. அதே வீட்டின் அடுக்களையில், அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் விழுந்தது. அன்றைக்குப் பிச்சிப்பூ கிலோ நானூறு ரூபாய்க்கு விற்றது, முந்தின நாளைவிட நாற்பது கூடுதல்.

உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். முப்பத்தொன்பது வயது இசக்கிச்செல்வி. அவளுடைய ஒரே மகள், பதினெட்டு வயது சந்தனமாரி. வீட்டுக்காரர் மந்திரமூர்த்திக்குக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அன்று அவர் வேலையில் இருந்ததால் தப்பித்தார் என்று சிலரும், வெளியே மாட்டிக்கொண்டார் என்று சிலரும் சொல்கிறார்கள். நடந்ததற்குக் காரணம் இசக்கிச்செல்வியின் கைத்திறமைதான். அதில் தெருவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அவள் வயசுக்கு வந்த நாளிலிருந்து பீடி சுற்றியவள். ஒரு வருஷம் ஆனித் திருவிழாப் பொருட்காட்சியிலிருந்து மந்திரமூர்த்தி ஒரு கொத்து பிளாஸ்டிக் ரோஜா வாங்கி வந்து டிவி மேல் வைத்தார். அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மடியில் கிடந்த பீடி இலைக் கழிவை ஊறவைத்து, பச்சைச் சாயத்தில் முக்கி, கத்தரித்து இலையாக்கினாள். பழைய வாயில் சேலையைக் கஞ்சியில் நனைத்துக் காயப்போட்டு இதழ் வெட்டினாள். மெழுகுவத்தியில் கரண்டியைச் சூடுகாட்டி அதன் முதுகில் இதழை வைத்து அழுத்தினால் நிஜ இதழ் மாதிரியே குழிந்து வந்தது. தென்னை ஈர்க்கு காம்பு. ரவையில் மஞ்சள்பொடி கலந்தால் மகரந்தம். சிரட்டையில் ஆற்று மணலும் கூழாங்கல்லும் போட்டால் தொட்டி. ஒரு தொட்டிக்கு மூன்று பூ, இல்லாவிட்டால் ஐந்து, ஒன்றுக்கொன்று உயரம் மாற்றி. இரட்டைப்படையில் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய மாதிரி இருக்கும் என்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குறை வைப்பாள். டீத்தண்ணீரில் நனைத்து ஓரம் கருகிய ஒரு இதழ், புழு அரித்த ஒரு ஓட்டை, விரியவே போகாத ஒரு மொட்டு. குறையில்லாத பூவை எவளும் நம்ப மாட்டாள் என்பது அவள் கட்சி. விலை நூற்றிருபது ரூபாய். பாளையங்கோட்டை வரைக்கும் வீடுகளில் அவள் தொட்டிகள் இருந்தன. தேனீக்கள் அவற்றைத் தேடி வரும். இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஒன்றும் பெயராது என்று தெரிந்ததும் போய்விடும்.

சந்தனமாரிக்கு அந்த வருஷம் பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆவணி முதல் வாரம் சேர வேண்டும். பெட்டியெல்லாம் வாங்கி வைத்தாயிற்று. ஆடியில் அவளுக்கு அம்மை போட்டது. அம்மை போட்டால் ஆத்தாள் வீட்டுக்கு விருந்து வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வாசல் நிலையில் வேப்பிலை செருக வேண்டும். மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, செருகிய இலை காய்ந்து சருகாகி, அதை ஆற்றில் விட்டால்தான் ஆத்தாள் விடைபெற்றாள் என்று இந்தத் தெருவில் கணக்கு. அதுவரை வீட்டிலிருப்பவர்கள் படி இறங்கக் கூடாது. அந்த வருஷம் பார்த்து வேப்பமரங்களுக்கெல்லாம் ஏதோ நோய் வந்து நுனி கருகி நின்றன. வாங்கி வரச் சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை. நாளைக்கு அவர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று இசக்கிச்செல்வி பீடி இலையிலேயே பதினேழு இலையுள்ள ஒரு கொத்தை வெட்டி, சாயம் போட்டு, பீடி நூலால் கட்டி, நிலையில் செருகினாள். வழக்கம்போல ஒரே ஒரு இலையைப் பழுத்த மஞ்சளாக விட்டாள்.

மறுநாள் காலையில் மந்திரமூர்த்தி எங்கெங்கோ அலைந்து நிஜ வேப்பிலை கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிஜ இலை வதங்கிப்போய் நோஞ்சானாக இருந்தது. அவளுடையது இப்போதுதான் கொப்பிலிருந்து ஒடித்த மாதிரி இருந்தது. கழற்ற மனம் வரவில்லை. நிஜ இலையை மகளுக்குப் படுக்கையில் விரித்துவிட்டு, செய்ததை நிலையிலேயே விட்டுவிட்டாள். தப்பு என்றால் அந்த ஒரு தப்புதான்.

மூன்று தண்ணீரும் ஊற்றியாயிற்று. கொப்புளமெல்லாம் உதிர்ந்து சந்தனமாரி தேறிவிட்டாள். இலை மட்டும் காயவில்லை. அந்த ஒற்றை மஞ்சள் இலைதான் ஆத்தாளை இருத்திவைத்தது என்று தெருவில் சொல்வார்கள். இதோ பழுத்துவிட்டது, நாளைக்கு உதிர்ந்துவிடும், நாளைக்குப் புறப்படலாம் என்று ஆத்தாளும் தினம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ராத்திரி விளக்கின் முன் வைத்த கூழ்ச்சட்டி காலையில் வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருந்தது. கோழியும் பூனையும் தாராளமாகப் போய் வந்தன. ஜன்னல் கம்பி வழியாகக் கை போயிற்று, சாமான் போயிற்று. ஆள் மட்டும் போக முடியவில்லை. கொத்தைக் கழற்றி எறிந்து பார்த்தார்கள். விடிந்தால் அதே இடத்தில் இருந்தது. மந்திரமூர்த்தி கூரையில் நாலு ஓட்டைப் பிரித்து, ஏணி வைத்து மகளை இறக்கினார். கடைசிப் படியிலிருந்து அவள் வைத்த கால் அம்மியில் இடித்து நகம் பெயர்ந்தது. சுகாதார ஆய்வாளர் ஜன்னலுக்கு வெளியே நின்று விசாரித்து, நோய் இல்லை, வெளியே வர இயலவில்லை என்று எழுதி, போகும்போது ஒரு தொட்டிப் பூவும் வாங்கிக்கொண்டு போனார்.

அம்மன் கோயில் கோமரத்தாடி செந்தூர்பாண்டி வந்து தெருவில் நின்று நிலையை அண்ணாந்து பார்த்தார். சாமி வந்து ஆடுகிறவர் அவர். அவர் சொல்தான் முடிவு.

"இல பச்சையால்லா இருக்கு. விருந்துக்கு வந்தவள, எந்திரிச்சுப் போன்னு நா எப்படிச் சொல்லுததுக்கு?"

"அண்ணாச்சி, அது நா செஞ்சது" என்றாள் இசக்கிச்செல்வி, ஜன்னலுக்குள்ளிருந்து, தலையைக் குனிந்துகொண்டு.

அவர் நம்பவில்லை. எட்டி ஒரு இலையின் நுனியைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். கசந்தது. மென்றதை விழுங்கிவிட்டு, "ஆத்தாளே நம்பிட்டா. இப்பப் போயி பொய்யின்னு சொன்னா அவளுக்குல்லா அசிங்கம். காயட்டும் தாயி, பைய காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆவணி போயிற்று. அடுத்த ஆவணிக்கு மறுபடி மனுப்போட்டு, இடம் கிடைத்து, அதுவும் போயிற்று. மூன்றாவது ஆவணியும் அப்படியே. சந்தனமாரியோடு படித்த பிள்ளைகள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதை அவள் ஜன்னலில் நின்று பார்ப்பாள். தினம் காலையில் பல் தேய்த்ததும் ஒருதரம் வாசலைத் தாண்டிப் பார்ப்பாள். அடுக்களைக்கு வந்து சேர்ந்ததும், வந்ததுதான் வந்தோம் என்று காப்பித்தண்ணி போடுவாள். மந்திரமூர்த்தி எதிர்வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். உள்ளே வந்தால் வேலைக்குப் போக முடியாது என்பதால் இசக்கிச்செல்வியே அவரைப் படியேற விடவில்லை. சாயங்காலம் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார், பூத்தொட்டிகளை வண்டியில் கட்டிக்கொண்டு போய் விற்று வருவார். வேறு சோலி இல்லாததால் தாயும் மகளும் செய்துகொண்டே இருந்தார்கள். வீடு முழுக்க ரோஜாவும் செவ்வந்தியும் லில்லியும் நிறைந்து, நடக்க ஒற்றையடிப் பாதைதான் மிச்சம் இருந்தது. அத்தனை பூவுக்கு நடுவில் ஒரு பூவுக்கும் வாசம் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய மூச்சுமுட்டல் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது ஆவணி போன அன்று சந்தனமாரி கையிலிருந்த கத்தரிக்கோலைச் சுவரில் எறிந்தாள்.

"நீ வேணும்னே கட்டுனம்மா. நா போயிரக் கூடாதுன்னுதான் கட்டுன."

"ஏட்டி, பெத்தவளப் பாத்து இப்படிப் பேசுதியே."

"பின்ன எதுக்கு அப்பா கொண்டாந்த இலயக் கட்டல?"

இசக்கிச்செல்வி குனிந்து கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு வருஷமாக அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பெட்டி வாங்கிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பதும், மகள் காய்ச்சலில் கிடந்தபோது ஐயோ என்று இருந்த மனசின் ஒரு மூலையில், இனி இந்த மாசம் போக மாட்டாள் என்று ஒரு சின்ன நிம்மதி இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆத்தாளுக்கும் தெரிந்திருக்கும்.

இருபத்தைந்தாம் வருஷம் ஈஸ்டர் முடிந்து பாளையங்கோட்டை பெர்சிஸ் டீச்சர் ஆட்டோ பிடித்து வந்தார். ஓய்வுபெற்றவர், கணவர் இறந்து நாலு வருஷம், வீட்டில் தனி. அம்மை வீடு, ஆத்தாள் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. ஜன்னலில் மூக்கு இடிக்க நின்று பேசினார்.

"செல்வி, உங்கிட்ட வாங்குன லில்லி மூணு வருஷமா அப்படியே நிக்குது. தண்ணி மாத்த வேண்டாம், எடுத்துப் போட வேண்டாம். காலைல எந்திரிச்சா எனக்குன்னு ஒரு வேல இல்ல. வாடுத பூ ஒண்ணு செஞ்சு தா."

"என்ன டீச்சர் சொல்லுதிய? வாடுததுக்கா துட்டு குடுக்கப் போறிய?"

"ஆமா. ஒரு வாரத்துல வாடணும்."

இசக்கிச்செல்வி யோசித்து ஏழு தொட்டி செய்தாள். எல்லாம் ஒரே லில்லிதான். முதல் தொட்டியில் அன்று விரிந்த பூ. இரண்டாவதில் இதழ் கொஞ்சம் தளர்ந்தது. அப்படியே போய், ஏழாவதில் கழுத்து ஒடிந்து, மூன்று இதழ் மணலில் உதிர்ந்து கிடந்தது. டீச்சர் தினம் ஒன்றாக மேசையில் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியது. கொடுத்தனுப்புமுன் ஏழையும் வரிசையாக முன்கூடமான பட்டாசலில் வைத்தாள். சந்தனமாரி முதலிலிருந்து ஏழாவது வரை பார்த்தாள். பிறகு வாசல் நிலையில் இருந்த வேப்பங்கொத்தைப் பார்த்தாள்.

"யம்மா. அதயும் இப்படிச் செய்யேன்."

"செய்வோம்" என்றாள் இசக்கிச்செல்வி. சொன்னாளே தவிரப் பதினோரு நாள் கத்தரியைத் தொடவில்லை. தலைவலி என்றாள், சாயம் இல்லை என்றாள். மகள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் தாங்க முடியாமல் போயிற்று. பன்னிரண்டாம் நாள் பீடி இலையை எடுத்து மடியில் வைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சாயமே வேண்டாம். பீடி இலையின் சொந்த நிறமே சருகு நிறம்தான். முக்கி முக்கிப் பச்சையாக்கியதுதான் அவள் வேலை. சும்மா விட்டிருந்தால் அது எப்போதோ காய்ந்திருக்கும்.

தினம் விடியற்காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, கொத்தில் ஒரு பச்சை இலையை அவிழ்த்து, அந்த இடத்தில் ஒரு சருகைக் கட்டினாள். கொத்தோடு கழற்றினால் திரும்பி வருகிற இலை, ஒன்றொன்றாக மாற்றியபோது திரும்பவில்லை. ஐந்தாவது இலை மாறிய அன்று சந்தனமாரியின் கால் அடுக்களையில் அல்லாமல் பட்டாசலில் விழுந்தது. பத்தாவது அன்று வாசற்படியிலேயே விழுந்தது. பதினாறாவது இலையைக் கட்டிவிட்டு இசக்கிச்செல்வி ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் மகள் படியைத் தாண்டினாள். கால் தெருவில் விழுந்தது. முந்தின நாள் மழையில் தெரு சேறாக இருந்தது. மூன்று வருஷமாகச் சேறு மிதிக்காத பிள்ளை அதில் நின்றுகொண்டு, பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எதிர்மாடியிலிருந்து மந்திரமூர்த்தி கைலியைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடிவந்தார்.

"நீயும் வாம்மா" என்றாள் சந்தனமாரி.

இசக்கிச்செல்வி படியைத் தாண்டினாள், அடுக்களையில் நின்றாள். திரும்பப் பட்டாசலுக்கு வந்து மறுபடியும் தாண்டினாள். மூன்றாவது தரத்துக்குப் பிறகு ஜன்னலுக்கு வந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி மகள் தலையைத் தடவி, பெட்டியைப் படி வழியாகத் தள்ளிவிட்டாள். பெட்டி போயிற்று.

மிச்சம் இருந்தது அந்தப் பழுத்த இலை ஒன்றுதான். அதை அவள் எத்தனையோ தரம் மாற்றிவிட்டாள். ராத்திரி சருகைக் கட்டினால் காலையில் அதே மஞ்சளாக, இதோ இன்றைக்கு உதிரப் போகிறேன் என்கிற மாதிரியே தொங்குகிறது. செந்தூர்பாண்டி அண்ணாச்சி வந்து பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மந்திரமூர்த்தி அழுதார். "எதுக்கு அழுதிய? பொய்யக் கட்டுனவ நா. எங்கிட்ட ஆத்தாளுக்கு இன்னும் பேச்சு பாக்கி இருக்கு" என்று அவள்தான் சமாதானம் சொன்னாள். பெர்சிஸ் டீச்சரைப் பார்த்து இப்போது பாளையங்கோட்டையில் நாற்பது வீட்டுக்காரர்கள் வாடுகிற தொட்டிதான் கேட்கிறார்கள். ஏழு சேர்ந்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.

சந்தனமாரி ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறாள். அப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊசி போடப் பழகியது, விடுதிச் சோறு, பயந்தது, திட்டு வாங்கியது எல்லாவற்றையும் சொல்கிறாள். போன ஞாயிறு வரும்போது ஒரு கொப்பு நிஜ வேப்பிலை கொண்டுவந்தாள். மரங்களெல்லாம் துளிர்த்துவிட்டனவாம். இசக்கிச்செல்வி அதை முகர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு ஒருதரம் தாண்டிப் பாரேன்" என்று மகள் கேட்டதால், சேலையை உதறிச் செருகிக்கொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு, வெளியூர் போகிறவளைப் போலப் படியைத் தாண்டினாள்.

மகள் தெருவில் காத்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து வீட்டின் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி, சாப்பிட்டுட்டுப் போ."

அடுக்களைக்கு வந்ததுதான் வந்தாயிற்று என்று, ஆத்தாளுக்கும் சேர்த்து அரிசி களைந்து, உலையை ஏற்றினாள்.