பழைய கோச்சுகள்

பந்து காலுக்கு வந்ததும் விநாயக் தலையைத் தூக்கிப் பார்த்தான். முன்னால் யாராவது காலியாக நிற்கிறார்களா என்று பார்க்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே, யூகலிப்டஸ் மரத்தடியில் நின்ற ஏசுபாதத்தைப் பார்த்தான். ஏசுபாதம் கையை வீசினார். விநாயக் பந்தை அந்தப் பக்கம் தூக்கி அடித்தான். அது யாருக்கும் கிடைக்காமல் வேலியில் போய் விழுந்தது. பல்லவிக்குக் கோபம் வரவில்லை, இதென்ன கூத்து என்று அறியும் ஆவல்தான் வந்தது. ஏசுபாதம் இப்போது கோச் இல்லை. கோச் அவள்.

ஸ்கெலட்டன் பாய்ஸ் கிளப்பில் கோச்சை மாற்றுவது காலண்டர் தாளைக் கிழிப்பது மாதிரி. தோற்ற அன்றே தலைவர் சிவப்பிரகாசம் மைதானத்தில் கமிட்டியைக் கூட்டி, இருக்கிற கோச்சை நீக்கிவிட்டு, அடுத்து யார் என்று கேட்பார். ஊரில் ஆட்டம் சொல்லித்தரத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், முன்பு நீக்கப்பட்டவர்களில் ஒருவரே மறுபடியும் கை தூக்குவார். அப்படி ஏசுபாதம் மட்டும் மூன்று முறை வந்து போயிருந்தார். எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துச் சலித்துப்போன பிறகுதான் பல்லவிக்கு வாய்ப்பு வந்தது. தினமும் பெங்களூர் ரயிலில் நின்றபடியே போய் வந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். பைத்தியமா உனக்கு என்றார்கள் வீட்டில். பைத்தியம்தான். இந்த வேலை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ் டிவிஷனுக்குப் போகும், அவள் மறுபடி ரயிலுக்குப் போவாள்.

பயிற்சியில் விநாயக் பந்தை வேலிக்கு அடித்த அன்றிலிருந்து அவள் பந்தை விட்டுவிட்டுப் பையன்களின் கண்களைக் கவனித்தாள். வேடிக்கையாகத்தான் இருந்தது. கோல்கீப்பர் ஒரு பழைய கோச்சைப் பார்த்தான், நடுவில் ஆடுகிறவன் வேறொருவரை. யார் எவனை முதலில் அணியில் சேர்த்தாரோ அவன் அவரைத்தான் பார்த்தான். நீக்கப்பட்ட கோச்சுகள் ஒருவரும் மைதானத்தை விட்டுப் போகவே இல்லை. ஆளுக்கொரு மூலையில் நின்று அவரவர் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஏசுபாதத்திடம் போனாள். ஊரின் தங்கச் சுரங்கம் மூடும்வரை அவர் அதன் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் கேஜுக்கு மணி அடித்தவர். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றுகிற கூண்டு அது. மணியைக் கேட்டுத்தான் எஞ்சின் ஓடும்.

"அங்கிள், ஷாஃப்ட் வாய்ல மணி அடிக்க எத்தினி பேரு இருப்பீங்க?"

"எத்தினி பேரா? ஒருத்தன்தாம்மா. வேற எவனும் கை வெக்கக் கூடாது. பெரிய ஆபீசரே வந்தாலும் கூடாது."

"வெச்சா?"

"எஞ்சின்காரன் எதக் கேப்பான்? உள்ள இருக்கறவன் கதி இன்னா ஆவறது?"

சொல்லிவிட்டு, கோல்கம்பத்தில் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்த விநாயக்கைப் பார்த்தார்.

"வராதீங்கன்னு சொல்லல அங்கிள். வாங்க, சும்மா பாருங்க."

"சும்மா பாக்கறது எனுக்கு வராதும்மா," என்றார். "பாக்கறேன். மத்தவங்களாண்ட நானே பேசறேன்."

ஞாயிற்றுக்கிழமை பழைய கோச்சுகள் ஐந்து பேரும் மைதானத்துக் கல்படியில் ஒரே வரிசையாக உட்கார்ந்தார்கள். விநாயக் பந்தோடு தலையைத் தூக்கினான். ஏசுபாதம் தரையைப் பார்த்தார். அந்தத் தடுமாற்றத்தில் பந்து பறிபோய் கோல் விழுந்தது. வரிசையில் ஒருவர் கத்த எழுந்தார். ஏசுபாதம் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமோ என்று பல்லவி நினைத்தாள்.

இரண்டாம் பாதியில் விநாயக் மறுபடி தலையைத் தூக்கினான். படியில் யாரும் அசையவில்லை. இந்த முறை பல்லவியைப் பார்த்தான். "ரைட்ல பாருடா," என்றாள் அவள். அங்கே காலியாக ஓடிக்கொண்டிருந்தவனுக்குப் பந்து போனது, அவனிடமிருந்து நடுவுக்கு, அங்கிருந்து வலைக்குள். அதன் பிறகு பையன்கள் ஆடியது ஆட்டம். பல்லவிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் முடிகிற நேரத்தில் எதிரணி இன்னொன்று போட்டது. தோற்றுவிட்டார்கள்.

சிவப்பிரகாசம் வழக்கம்போல நாற்காலியைப் போடச் சொன்னார். எல்லோருக்கும் டீ வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ரூல்னா ரூல்தான்," என்று பல்லவியிடம் சொல்லிவிட்டுப் படியின் பக்கம் திரும்பினார். "சரி, அடுத்து யாரு?"

ஐந்து பேரும் டீ கிளாசை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் இன்னொரு முறை கேட்டார். ஒரு கையும் மேலே வரவில்லை. ஏசுபாதம் கிளாசுக்குள் ஊதினார். அதில் ஆவி எப்போதோ நின்றுபோயிருந்தது.