வேலிக்கு ஒரே வாசல்

மயிலம்மாள் தன் மருமகள் தாயம்மாவுக்குத் தர வேண்டிய கடன் எண்ணூற்று நாற்பது வெள்ளி. மயிலம்மாளின் மூத்த மகன், தாயம்மாவின் புருஷன் வீரமுத்து செத்ததற்குக் கிடைத்த நஷ்டஈடு அது. கோலா சாவா ரோட்டில் லாரியில் வந்துகொண்டிருந்தவன்மேல் குண்டு பாய்ந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரன் சுட்டானா, பட்டாளத்தான் சுட்டானா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. காசை மட்டும் எண்ணிக் கொடுத்தார்கள். ரசீதில் வைத்த கைநாட்டு காய்வதற்குள் மயிலம்மாள் அதை வாங்கி, இளைய மகன் சந்திரனை மெட்ராசுக்குக் கப்பல் ஏற்றிவிட்டாள். பி.ஏ. முடித்து வேலைக்கு வந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. லீவுக்கு வந்திருந்த சந்திரன் மறுநாள் காலை திரும்பப் புறப்பட வேண்டும். கப்பலை விட்டால் கடைசி வருஷப் படிப்பு போச்சு. படிப்பு போனால் தாயம்மாவின் எண்ணூற்று நாற்பதும் போச்சு.

"நாளைக்கு ஒரு நாள் நீ வேலைக்குப் போவாத," என்றாள் மயிலம்மாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "புள்ள கடல் தாண்டிப் போவுது. தாலியறுத்தவ எதிர்ல நிக்கக்கூடாது."

"நான் யாரு எதிர்லயும் போயி நிக்கல அத்தே. கேட்டுல நிக்கிறேன். தோட்டத்துக்கு இருக்கறது ஒரே கேட்டுதான்லா."

அது உண்மை. மலாயாவில் அவசரகாலம் வந்ததிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காலை ஆறு மணிக்குத்தான் கேட் திறக்கும். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். பெண்களைத் தடவிச் சோதிக்க ஒரு பெண் வேண்டும். அந்த வேலையைச் சர்க்கார் தாயம்மாவுக்குக் கொடுத்திருந்தது. நாளுக்கு இரண்டு வெள்ளி. ஆக, இரண்டு வருஷமாக மொத்தத் தோட்டமும் ஒரு விதவை முகத்தைத் தாண்டித்தான் பால்வெட்டப் போய்வருகிறது. எந்த ரப்பர் மரமும் பால் தர மறுக்கவில்லை. பால்வெட்டுகிற முனியாண்டிக்குக் குதிரைப் பந்தயத்தில் அறுபது வெள்ளிகூட விழுந்தது. அதையெல்லாம் யாரும் அவள் முகத்தின் கணக்கில் சேர்க்கவில்லை.

சந்திரன் சப்பாத்துக்கு மை தேய்த்துக்கொண்டிருந்தான். லீவு முழுக்க மெட்ராஸ் கதைதான். ஹாஸ்டலில் இவனை மலாய்க்காரன் என்றுதான் கூப்பிடுவார்களாம். புலியைப் பார்த்ததே இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். மூன்றாம் மாதத்திலிருந்து, இரண்டு புலியைக் கொன்றதாகச் சொல்லிவிட்டான். ஹாஸ்டல் சோறு வாயில் வைக்க முடியாது என்று திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. அதை நடத்துவது ஒரு வெள்ளைச் சேலை அம்மாள். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் விதவை மறுமணத்தை ஆதரித்துப் பேசி வெள்ளிக் கோப்பையும் வாங்கியிருந்தான். அந்தக் கோப்பையில் இப்போது மயிலம்மாள் புளி வைத்திருக்கிறாள்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க," என்றாள் தாயம்மா. "பரீட்சைக்குப் போறப்ப அந்த மெஸ்ஸு அம்மா கையால இட்லி தின்னுட்டுத்தானே போனீங்க? பெயிலாவா போனீங்க?"

"அது மெட்ராஸ் அண்ணி," என்றான் சந்திரன், சப்பாத்தைப் பார்த்து. "இங்க அம்மா மனசு நோகக்கூடாது."

"லீவு போட்டா ரெண்டு வெள்ளி போச்சு," என்று சொல்லிவிட்டுத் தாயம்மா பாயை விரித்தாள்.

மறுநாள் காலை கேட்டில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அப்போது கக்கூசுப் பக்கமிருந்து ஒரு கூச்சல். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு வெளிப்பக்கமாகச் சந்திரன் வந்தான், இரண்டு கையும் தலைமேல். கோட்டு முழுக்கச் சேறு. பின்னால் துப்பாக்கியோடு ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். வேலிக்கு உள்பக்கம், கூடவே தகரப் பெட்டியும் முறுக்கு டின்னுமாக மயிலம்மாள். வேலியில் நாய் நுழைகிற சந்து வழியாக மகனை வெளியே தள்ளிவிட்டு, டின்னை நீட்டும்போது பிடிபட்டிருக்கிறாள். வேலிக்கு வெளியே ஆள், கையில் சாப்பாடு. சிரம்பான் லாக்கப்புக்கு அது போதும்.

"என்னா சந்திரா," என்றான் முனியாண்டி. "மெட்ராசுக்கு இப்ப நாய் போற ரூட்டுதானா?"

காவலுக்குப் பொறுப்பாக இருந்த மலாய்க்காரக் கார்ப்பரல் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். "கேட் திறந்துதானே கிடக்கு. ஏன் சந்து வழியா வந்தே?" என்று மலாயில் கேட்டான்.

 கோப்பை வாங்கிய வாய் இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தது. கார்ப்பரலுக்கு அது புரியவில்லை. தாயம்மாதான் மலாயில் சொன்னாள்: "சாயா ஜண்டா, துவான். நான் விதவை. காலையில என் முகத்தைப் பாத்தா போற காரியம் கெட்டுப்போகுமாம்."

கார்ப்பரல் யோசித்தான். "என் அம்மாவும்தான் ஜண்டா. அவ கையால கோப்பி குடிச்சிட்டுத்தான் டூட்டிக்கு வந்தேன். அதுக்கும் சந்துக்கும் என்ன?"

வரிசையில் நின்ற நாற்பது பேரும் மயிலம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கேட்டில் சோதிக்கிறவள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் விடுவதாகச் சொன்னான் கார்ப்பரல். தாயம்மா பேனாவைக் கையில் எடுத்தாள். முன்பு கைநாட்டுக்காரிதான், பிறகு யூனியன் வகுப்பில் ஒரு வருஷம் குனிந்து கிடந்து எழுத்துப் படித்தவள்.

"தம்பி, திரும்ப உள்ள வாங்க. கேட்டு வழியா போங்க. என் மூஞ்சப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

மயிலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சந்திரன் உள்ளே வந்து, திரும்பி நின்றான்.

"போயிட்டு வரேன் அண்ணி."

"நல்லபடியா போயிட்டு வாங்க." கையெழுத்துப் போட்டாள். முறுக்கு டின்னை மட்டும் சட்டப்படி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் சந்திரன் பாஸ் செய்து வந்து சிரம்பானில் வாத்தியார் ஆனான். "அன்னிக்கி மொதக் கால சந்து வழியா வெளிய வச்சான்ல, அந்த நேரந்தான்," என்று மயிலம்மாள் லயம் லயமாகச் சொல்லி வந்தாள். தம்பின் டவுனில் ஒரு கடைக்காரர் வீட்டில் பெண் பேசி முடித்தார்கள். வரதட்சணை மூவாயிரம் வெள்ளி. கோப்பைக்காரன் வாங்கிக்கொண்டான். அம்மா மனசு நோகக்கூடாது அல்லவா.

மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மயிலம்மாள் ஒரு பொட்டலத்தைத் தாயம்மா முன் வைத்தாள். எண்ணூற்று நாற்பது, புது நோட்டாக.

"எண்ணிக்க. நாளைக்கு மட்டும் லீவு போட்டுடு தாயி."

தாயம்மா எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினாள். முடிந்துகொண்டாள்.

"கடன் தீந்துச்சு அத்தே. இனிமே நீங்க எனக்கும் ஒண்ணும் தர வேண்டாம், நான் உங்களுக்கும் மொகதாட்சண்யம் பாக்க வேண்டாம்."

காலை ஆறு மணிக்குக் கேட் திறந்தது. பட்டுச் சேலையும் தாம்பாளமுமாக வரிசையின் முதல் ஆளாக மயிலம்மாள் நின்றாள். பின்னால் மாலையோடு மாப்பிள்ளை. சந்துக்குக் கம்பி அடித்து ஒரு வருஷமாகிவிட்டது.

"தாம்பாளத்தக் கீழ வைங்க," என்றாள் தாயம்மா. "கையைத் தூக்குங்க அத்தே."