கத்திய பிறகு குதிக்கவும்

சுற்றுலா வளர்ச்சிக் குழுவின் விளம்பர அதிகாரிக்கு அந்தக் கோடை முழுக்க ஒழுங்கான தூக்கம் கிடையாது. காரணம் ஒரு சுவரொட்டி. ரயில் நிலையத்தில், பேருந்துகளின் முதுகில், விமான நிலையத்தில் பெட்டி சுற்றி வரும் இடத்தில் என்று எங்கே திரும்பினாலும் அவள் தயாரித்த அந்தப் படம்தான். இரண்டு கரும்பாறைகள். நடுவே துடைத்து வைத்தாற்போல் அலையே இல்லாத நீலத் தண்ணீர். மேலே வெள்ளை எழுத்தில் அவளே மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்த வாசகம்: ‘அலைகூட ஓய்வெடுக்கும் இடம்.’

பார்த்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். அவளுடைய தம்பி மட்டும் பாராட்டவில்லை. அவன் கடற்கரையில் உயிர்காப்பாளன். சின்ன வயதில் குளியலறைக்குள் போனால் வெளியே வராமல் அடம்பிடித்ததால் வீட்டில் ‘தவளை’ என்று பட்டம் வைத்தார்கள். வேலைக்குப் போன இடத்திலும் அது ஒட்டிக்கொண்டது. சுவரொட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“ஏன்க்கா, இங்க ஒரு செவப்புக் கொடி நிக்குமே, எங்க?”

“எழுத்து வைக்க எடம் பத்தலடா. டிசைன் பண்றவர் கேட்டாரு, எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்.”

“அது அழகுக்கு நட்ட கொடி இல்லக்கா. அங்க ஏன் அலை இல்லன்னு நெனைக்கிறே? கரைக்கு வந்த தண்ணி பூரா அந்த வழியாத்தான் திரும்பி ஓடுது. இறங்குனா ஆளை அப்படியே உள்ள இழுத்துட்டுப் போயிடும். நீ ஊரையெல்லாம் கூப்பிட்டு, பாத்துப் பாத்து அந்த எடத்துல இறக்கி விடுற.”

அன்றிலிருந்துதான் அவளுக்குத் தூக்கம் போனது.

கூட்டம் வந்தது. வராமல் என்ன செய்யும், அவள் வேலையில் கெட்டிக்காரி. கைப்பேசியில் சுவரொட்டியை வைத்துக்கொண்டு, அதே கோணம், அதே பாறை, அதே தண்ணீர் என்று தேடித் தேடி நின்றார்கள். படத்தில் இல்லாத ஒன்று நேரில் குறுக்கே நின்றால் மனிதர்களுக்குப் பொறுக்காது போலிருக்கிறது. கொடிக் கம்பைப் பிடுங்கி ஓரமாகக் கிடத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். தவளை திரும்பத் திரும்ப நட்டான். அவர்கள் திரும்பத் திரும்பப் பிடுங்கினார்கள். தான் கணினியில் செய்ததைத்தானே இவர்கள் கையால் செய்கிறார்கள் என்று அவளுக்கு உறைத்தது. அதன்பின் தொலைபேசி அடித்தாலே, எந்தத் தாய் எந்தப் பிள்ளையைத் தேடுகிறாளோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும்.

அந்த இடத்துக்கென்று தனியாகக் காவல் வேண்டும். அதற்குத்தான் வழியில்லை. இந்த நகரத்து விடுதிகளில் யார் ஓர் இரவு தங்கினாலும் வாடகையோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்குவார்கள். அது சுற்றுலாக் குழுவின் நிதிக்குப் போகும். குழு அதை விளம்பரத்துக்குச் செலவழிக்கும். விளம்பரத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம் என்பது விதி. காவல் நகராட்சியின் பாடு. நகராட்சியைக் கேட்டால், கூட்டத்தைக் கூப்பிட்டவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று பந்தைத் திருப்பி உதைத்தார்கள். இருவருமே அவளிடம் மிக மரியாதையாகப் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள், காப்பியும் கொடுத்தார்கள்.

குழுவின் தலைவர் ஊரிலேயே பெரிய விடுதியின் முதலாளி. கூட்ட அறையில் அவள் தயங்கித் தயங்கிச் சுவரொட்டியை மாற்றலாமா என்று கேட்டபோது, ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல் பார்த்தார்.

“ஏம்மா, நல்லா போயிட்டிருக்கிறப்போ எதுக்கு அபசகுனமா பேசுறே? ஆபத்துன்னு போட்டா எவன் வருவான்?”

“அப்போ ரெண்டு உயிர்காப்பாளரையாவது அங்க போடலாம் சார்.”

“அது விளம்பரமா?”

“விளம்பரமாவே பண்ணிடலாம் சார்,” என்றாள். சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள். “தினமும் சாயங்காலம் ஒரு காட்சி. ஒருத்தர் தண்ணியில தத்தளிக்கிற மாதிரி நடிப்பாரு, இன்னொருத்தர் குதிச்சுக் காப்பாத்துவாரு. ஜனங்க பாக்கும். மத்த நேரம் ரெண்டு பேரும் அங்கேயே இருப்பாங்க.”

தலைவர் முகம் மலர்ந்தது. “இது! இதைத்தான் நான் ஒங்கிட்ட எதிர்பார்க்கிறேன்!” என்று மேசையைத் தட்டினார். கையெழுத்து அன்றைக்கே ஆயிற்று. கள்ளத்தனமாகவாவது காவலைக் கொண்டுவந்துவிட்டோம் என்று அவள் வெகு நாளைக்குப் பிறகு அன்று இரவு கண்ணை மூடினாள். பாவம், அந்த நிம்மதி நிலைக்கவில்லை.

நடிக்கிறவன் தவளை. காப்பாற்றுகிறவர் அவனோடு வேலை செய்த நெட்டை. ஆள் உயரம் அப்படி. ஒலிபெருக்கியில் பேச ஆள் கிடைக்காததால் அதுவும் அவள் தலையில் விழுந்தது. காட்சிக்கு, தண்ணீர் உள்ளே இழுக்கும் வழிக்குத் தள்ளி, இடது பாறைப் பக்கம், ஆழம் குறைந்த இடமாகப் பார்த்துத் தவளையே தேர்ந்தெடுத்தான்.

முதல் நாள் நெட்டை சொதப்பிவிட்டார். தவளை தலை முங்கியதைக் கண்டதும், பழக்க தோஷம், யோசிக்காமல் காவல் கோபுரத்திலிருந்து குதித்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைவருக்கு முணுக்கென்று கோபம் வந்தது.

“அவன் கத்துறதுக்கு முன்னாடி ஏன்யா குதிச்சே? ஜனம் பாக்க வேணாமா? அவன் ‘காப்பாத்துங்க’ன்னு கத்தணும், எல்லாரும் திரும்பணும், அப்புறம் நீ குதி. அதுவரைக்கும் மேல உக்காந்திரு.”

“நெஜமா முங்குறவன் கத்த மாட்டான் சார்,” என்றான் தவளை, தலையைத் துவட்டிக்கொண்டே. “மூச்சு விடவே வாய் பத்தாது. கையைக்கூடத் தூக்க முடியாது. சத்தமே இல்லாம நின்ன வாக்குல போயிடுவான்.”

“அதைப் பாக்க எவன்டா வருவான்?” என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். கத்திய பிறகுதான் குதிப்பது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவளே அதைத் தாளில் அச்சடித்துக் கோபுரத்தின் உட்பக்கம் ஒட்டினாள்.

காட்சி பிய்த்துக்கொண்டு போயிற்று. தவளைக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். தினமும் ஒரு கையை உயர்த்தி அவன் கத்துகிற கத்தலைக் குழந்தைகள் மணலில் நின்று கத்திப் பார்த்தார்கள். ஆனால் வீட்டில் அவன் வலது தோளில் தைலம் தேய்த்துக்கொள்வதை அவள் பார்த்தாள். எப்போதோ ஒருவரை இழுத்து வரும்போது நழுவிய தோள்.

“வலிக்குதாடா?”

“லேசாத்தான். அம்மாகிட்ட போட்டுக் கொடுத்துடாதே.”

“ரெண்டு நாள் நிறுத்திடலாமா?”

“நிறுத்துனா கோபுரத்துல யாரு உக்காருவா? காட்சி இருந்தாத்தானே நாங்க அங்க இருக்க முடியும்?” என்றான். அது உண்மைதான். அவள் தைலத்தை வாங்கித் தானே தேய்த்துவிட்டாள்.

அப்புறம் மூன்று நாள் கடல் கொந்தளித்தது. காட்சி நடக்கவில்லை. நான்காம் நாள் வெயில் அடித்ததும், விட்டதற்கும் சேர்த்துக் கூட்டம் அலைமோதியது. மூன்று நாள் அலை அடியில் இருந்த மணலைப் புரட்டிப் போட்டிருந்தது. உள்ளே இழுக்கும் நீரோட்டம் இடம் மாறி, இடது பாறையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. அது பின்னால் தெரிந்த சங்கதி. அன்றைக்கு அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இடது பாறைப் பக்கம் தண்ணீர் வழக்கத்தைவிட அழகாக, அலையில்லாமல் இருந்தது என்பதுதான்.

தவளை பாறையிலிருந்து இறங்கி நீந்திப் போனான். அவள் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள்.

“அன்பான விருந்தினர்களே! அதோ பாருங்க, ஒருத்தர் ஜாலியா நீந்துறாரு. அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்கிறீங்களா?”

கூட்டம் ஆர்ப்பரித்தது. இந்த இடத்தில் அவன் கத்த வேண்டும். கத்தவில்லை. பாறையிலிருந்து கொஞ்சம் விலகி, அவன் தலை மட்டும் தெரிந்தது.

“தண்ணி ஜில்லுன்னு இருக்கு போல. மனுசன் தூங்கிட்டாரு!” என்றாள். சிரித்தார்கள். ‘சீக்கிரம் கத்தித் தொலையேண்டா’ என்று உள்ளுக்குள் கடுகடுத்தாள். “இவரு எங்க ஊர்லயே பெரிய சோம்பேறி. முங்குறதுக்குக்கூட நல்ல நேரம் பாப்பாரு!” மறுபடியும் சிரிப்பு. விசில். ஒரு குழந்தை அவனுக்குப் பதிலாகக் கத்திக் காட்டியது. கோபுரத்தில் நெட்டை கையைக் கட்டிக்கொண்டு, கத்தலுக்குக் காத்து உட்கார்ந்திருந்தார்.

அவள் அடுத்த நகைச்சுவையைத் தேடிக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் வானத்தைப் பார்த்து இருந்தது. முடி கண்ணை மறைத்துக் கிடந்தது; அதை ஒதுக்கக் கை வரவில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வந்தது, உள்ளே போனது, வந்தது. சத்தமே இல்லை.

நின்ன வாக்குல போயிடுவான்.

“அண்ணா, குதிங்க!” என்று கோபுரத்தைப் பார்த்து அலறினாள். “நடிப்பில்ல! நெஜம்! நெஜமா முங்குறான்!”

கூட்டம் பிரமாதமாகக் கை தட்டியது. இன்றைக்குப் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று நூறு கைப்பேசிகள் உயர்ந்தன. நெட்டைகூட அவளைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் “நெஜம், நெஜம்” என்று கத்தக் கத்த, ஒலிபெருக்கி அதைக் காட்சியாகவே மாற்றிக்கொண்டிருந்தது.

அவள் அதைத் தூக்கி எறிந்தாள். எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. அவள் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கி ஒருவரும் பார்த்ததில்லை; தம்பி அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வான். இடுப்பு வரை போய், செருப்போடு, மார்பில் அலை மோதி விழுந்து எழுந்து அவள் போனதைப் பார்த்ததும்தான் நெட்டையின் முகத்தில் சிரிப்பு செத்தது. கோபுரத்திலிருந்து அவர் பாய்ந்தார்.

தவளையைக் கரையில் கிடத்தியபோது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வலது கை தோளிலிருந்து வேறு யாருடைய கையோ போலத் தொங்கியது. நெட்டை அவன் நெஞ்சை அமுக்கினார். அவள் பக்கத்தில் மண்டியிட்டுத் தனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டாள். சுற்றிலும் கைதட்டல் ஓயவில்லை. அவன் வாயிலிருந்து தண்ணீர் கொப்பளித்து, ஓர் இருமல் வந்தபோது அவளுக்கு அழுகை பீறிட்டது.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது, தோளில் குழந்தையோடு நின்ற ஒருவர் அவளிடம் மரியாதையாகக் கேட்டார்: “மேடம், அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?”

மருத்துவமனையில் தோளை இழுத்துப் பொருத்திக் கட்டுப் போட்டார்கள். இரவு வைத்திருந்து பார்க்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். ஈரம் காயாத உடுப்போடு அவள் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தலைவர் அழைத்தார்.

“தம்பிக்குப் பரவாயில்லையாம்மா? கேள்விப்பட்டேன். கடவுள் காப்பாத்துனாரு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. அந்த வீடியோ எங்க பாத்தாலும் ஓடுது. விடுதிக்கு விடாம போன் வருது. நீ மைக்கைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடுனே பாரு, அதை அப்படியே தினமும் வெச்சுக்கலாம். வேற ஆளை முங்க விடுவோம்.”

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

உள்ளே போனாள். தம்பி விழித்திருந்தான். மூக்கில் குழாய். அவளைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தான்.

“தண்ணிக்குள்ள இறங்கிட்டியாமே. நெட்டை சொன்னாரு.”

“பேசாதடா. தூங்கு.”

“கத்தலாம்னுதான்க்கா பாத்தேன். வரவே இல்ல.” மூச்சு வாங்கிக்கொண்டான். “ஆனா நீ மைக்ல பேசுனது மட்டும் நல்லாக் கேட்டுச்சு.”

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன கேட்டுச்சு?”

“எல்லாம் கேட்டுச்சு. நான் சோம்பேறின்னு சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க.”

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னான், கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவனுடைய நல்ல கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் மூச்சு சீராக வரத் தொடங்கிய பிறகு வெளியே வந்து, சுவரொட்டியை வடிவமைத்தவரை அழைத்தாள்.

“பாறைப் படம் இருக்குல்ல, அதுல நாம அழிச்ச கொடியைத் திரும்ப வைங்க. காலையில எல்லா எடத்துலயும் மாத்தணும்.”

“தலைவர் சொல்லிட்டாரா மேடம்?”

“நான் சொல்றேன். வேலை போனா எனக்குத்தான் போகும்.”

அந்தப் பக்கம் விசைப்பலகையைத் தட்டும் ஓசை கேட்டது. “வெச்சா எழுத்து மேல வருதே மேடம். ரெண்டுக்கும் எடம் பத்தாது. கொடியைச் சின்னதாக்கி ஓரமா வைக்கட்டுமா?”

“வேண்டாம்,” என்றாள். “எழுத்தை எடுத்துடுங்க.”