இருப்பு ரொட்டி

கிடங்குக்காரருடைய புத்தி கிடங்கோடு நின்றிருந்தால் அவர் மனைவி புண்ணியம் செய்தவள். மனுஷன் அங்கே இருக்கிற சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார்: முதலில் வந்த சரக்குதான் முதலில் வெளியே போக வேண்டும்.

ரொட்டிக்கும் அதே சட்டம். கல்யாணமான புதிதில் இன்றைக்கு வாங்கிய ரொட்டி அலமாரியின் பின்வரிசைக்குப் போகும், நேற்றையது தட்டுக்கு வரும். போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். மூத்தவன் பிறந்ததும், “வளர்ற புள்ள இருக்கிற வீடு, இருப்பு பத்தாது” என்று கூடுதலாக வாங்கி அடுக்கினார். சின்னவள் பிறந்ததும் இன்னும் கொஞ்சம். பிள்ளைகள் வளர வளர இருப்பும் வளர்ந்தது, ரொட்டிக்கும் வயது ஏறியது. இப்போது கத்தி போதாமல் சுத்தியல் சமையலறைக்கே குடிவந்துவிட்டது.

“கொஞ்ச நாள் வாங்காம விடுங்களேன். பழசு தீர்ந்துடும், அப்புறம் தினமும் புதுசா தின்னலாம்.”

“வளர்ற புள்ளைங்கள வெச்சுக்கிட்டு வெறும் அலமாரியா? உனக்கு நெஞ்சில ஈரமே இல்லையா?”

ஈரம் இல்லாதது ரொட்டியில்தான் என்று சொல்ல அவள் நாக்கு துடித்தது. அவளுக்கு நகை ஆசையா, நட்டு ஆசையா? பெற்ற பிள்ளைகள் ஒரு தடவையாவது சூடான ரொட்டியைத் தின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மூத்தவன் தன் பந்தாட்டக் கூட்டத்தையே வீட்டுக்கு இழுத்துவந்தான். அகோரப் பசி. பாலில் ஊறவைத்தும் கடைவாயில் அதக்கியும் அலமாரியைத் துடைத்துவைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பையன்களுக்குக் கும்பிடு போடலாம் போலிருந்தது அவளுக்கு. கிடங்குக்காரர் வருவதற்குள் வாங்கிவிட வேண்டுமென்று செருப்புகூட மாட்டாமல் முனைக்கடைக்கு ஓடினாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

கையாலேயே பிய்த்து இரண்டு தட்டிலும் வைத்தாள். ஆவி பறந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூத்தவன் விரலால் அழுத்திப் பார்த்தான். பள்ளம் விழுந்தது.

“அம்மா, இது கெட்டுப்போச்சு. அமுங்குது பாரு.”

சின்னவள் மோந்து பார்த்தாள். “கெட்டெல்லாம் போகலண்ணா. இன்னும் ஆகல, அவ்வளவுதான். அலமாரியில வைம்மா, கெட்டியானதும் தின்னுக்கலாம்.”

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளைகள். வாசலில் கிடங்குக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முழு ரொட்டியையும் ஒருத்தியாகவே தின்ன ஆரம்பித்தாள்.