தீபாவளி மலரில் வற்றிய கிணறு

கோயமுத்தூரில் ஒருவர் உங்களைப் பொய்க்காரி என்று சொன்னால், அதைக்கூட மரியாதை குறையாமல்தான் சொல்வார். புவனாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பாள். "அம்மணி ஏதோ நெனப்புல மாத்திச் சொல்றீங்களாட்ட இருக்குதுங்க" என்று கிருபாசங்கர் அத்தனை பதமாகச் சொல்லும்போது என்ன செய்வது? கோபப்படவும் வழியில்லை, விழுங்கவும் முடியவில்லை.

விவகாரம் ஒரு தொடர்கதையைப் பற்றியது. 'ஊற்றுக்கண் ராஜ்ஜியம்' ஒரு வாரப்பத்திரிகையில் வருஷக்கணக்காக ஓடி முடிந்த மந்திரக் கதை. ஐந்து பாகம். ராஜாக்களும் கோட்டைகளும் எல்லாக் கதையிலும் இருப்பவைதான். இந்தக் கதையில் ஆட்களைக் கட்டிப்போட்டது மந்திரத்துக்கு இருந்த விதி. யார் மந்திரம் போட்டாலும் அந்த நாட்டில் எங்கோ ஒரு கிணறு வற்றும். சின்ன மந்திரம் என்றால் சின்னக் கிணறு, பெரிய மந்திரம் என்றால் ஊரே தண்ணீர் சேந்தும் கிணறு. எந்தக் கிணறு என்று மந்திரம் போடுகிறவளுக்கே தெரியாது. வற்றினால் வற்றியதுதான், மறுபடி ஊறாது. எத்தனை அடிக்குப் போர்வெல் போட்டாலும் புழுதி மட்டும் கிளம்புகிற பூமியில் இருப்பவர்களுக்கு இந்த விதியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஆழமாகத் துளை போட்டால் நம் கிணறு என்ன ஆகும் என்று கோயமுத்தூர் கணபதியிலிருந்து காங்கேயம் வரை எல்லோருக்கும் தெரியும்.

கோட்டைமேட்டில் அப்துல் நாசர் நடத்தி வந்த வாடகைப் புத்தகக் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேர் கூடி இந்தக் கதையை அலசுவார்கள். முன்னறை கடை, திரைக்குப் பின்னால் நாசரின் வீடு. கிருபாசங்கருக்குக் கணபதியில் பம்ப்செட் பட்டறை. கோவிந்தராஜுலு மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நாசர் கடைக்காரர். நான்காவது ஆள் புவனா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வாரம் பூராவும் அடுத்தவர் பேசுவதற்கு இணைப்புக் கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமையாவது தான் பேசலாம் என்றுதான் ரெண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள்.

நாலாம் பாகத்தில் செங்காந்தி என்ற மந்திரக்காரி, எரிகிற கோட்டையை அணைக்க ஓர் ஆற்றையே தூக்கி வந்து கவிழ்க்கிறாள். கதையிலேயே பெரிய மந்திரம் அதுதான். ஆனால் நாசரின் கடையில் இருக்கும் நாலாம் பாகத்தில் அதற்கப்புறம் ஒரு கிணறும் வற்றுவதில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் எதிரி அரண்மனையில் விருந்து நடக்கிறது.

"எழுதறவரு விதியை மறந்துபோட்டாருங்க" என்பார் கிருபாசங்கர். "தண்ணி எடுத்தா ஒரு பக்கம் கொறையோணும். கொறையலீன்னா அது மந்திரமில்லீங்க, ஏமாத்து வேலை. ஓட்டை விழுந்துபோச்சுங்க."

நாலாம் பாகத்து ஓட்டை என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார். மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டே அந்த ஓட்டையை விளக்குவாராம்.

ஓட்டையே இல்லை என்பது புவனாவின் கட்சி. கிணறு வற்றியது. அவள் படித்திருக்கிறாள். தீபாவளிக்குக் காரமடைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த வாரப்பத்திரிகையின் தீபாவளி மலரில் அந்த அத்தியாயம் வந்திருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை காய்வதற்குள் படித்து முடித்துவிட்டு, யாரிடமாவது இதைப் பேச வேண்டுமே என்று வீடெல்லாம் சுற்றி வந்தாள். கேட்க ஆள் இல்லை. அவள் கணவன் சுரேந்தருக்குப் பத்திரிகையில் கிரிக்கெட் பக்கம் போதும். அந்த மலரை அம்மா பொங்கலுக்கு முன்பே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டாள்.

மற்ற மூவரும் வாரா வாரம் படித்தவர்கள் அல்ல. நாசர் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஒரு பாகம் முடிந்ததும் தைத்து அட்டை போட்டு வாடகைக்கு விடுவார். மற்ற இருவரும் அதை வாங்கி ஒரே மூச்சில் படிப்பார்கள். முழுசாகப் படித்தால்தான் கதையின் கட்டுமானம் தெரியும் என்பது கோவிந்தராஜுலுவின் கொள்கை. அத்தியாயங்களுக்கு எண் கிடையாது, தலைப்பு மட்டும்தான். அதனால் நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் கண்டுபிடிக்க முடியாது. தைத்த புத்தகத்தில் இல்லாதது வரவே இல்லை என்று மூவரும் தீர்மானமாக இருந்தார்கள்.

"சரிங்க அம்மணி, வத்துச்சுன்னே வச்சுக்குவோம். யாரு கெணறுங்க?" என்று கிருபாசங்கர் கேட்பார்.

அதற்குத்தான் புவனாவால் பதில் சொல்ல முடியாது. படிக்காதவரிடம் கதையின் முடிச்சைச் சொல்லிக் கெடுக்கக் கூடாது என்பது அந்த நாலு பேருக்குள் இருந்த ஒரே கட்டுப்பாடு. அதைப் போட்டதே கிருபாசங்கர்தான். யார் கிணறு என்பதுதான் அந்த அத்தியாயத்தின் உயிர். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் படிக்க என்ன இருக்கிறது?

"அதை நீங்களே படிக்கோணுங்க. சொன்னாக் கெட்டுப்போயிரும்."

"இல்லாததை எப்படீங்க படிக்கறது?" என்பார் கோவிந்தராஜுலு. மூவரும் சிரிப்பார்கள். கேலிச் சிரிப்புக்கூட இல்லை, வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. புவனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாசக்கணக்காக இதே பாட்டு. போகப் போக அவளுக்கே சந்தேகம் தட்டியது. எண்ணெய்க் குளியல் மயக்கத்தில் நாமே ஒரு கதையைக் கட்டிவிட்டோமோ? உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினாள். எல்லா வருஷத்து மலரும் கிடைத்தது, அந்த வருஷத்தது மட்டும் இல்லை. பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டால் பழைய பிரதி இல்லை என்று பாதிப் பேச்சில் வைத்துவிட்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது வெற்றி அல்ல. தன்னை உலுக்கிய ஓர் அத்தியாயத்தைப் படித்த இன்னொரு ஆள் வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். இத்தனை சின்ன ஆசைக்கு இத்தனை பாடா என்று சலித்துப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடையில் ஆள் இல்லை.

"அவரு தொழுகைக்குப் போயிருக்காரு. உள்ள வா புவனா" என்று நாசரின் மனைவி தாஜுன்னிசா கூப்பிட்டாள்.

சமையலறை மேடையில் அரிசி டப்பாவில் சாய்த்து ஒரு பெரிய புத்தகம் திறந்து கிடந்தது. பக்கமெல்லாம் நெய்க்கறை. பாதுஷா செய்முறை. புவனா சும்மாதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அதே வருஷம், அதே மலர். வேகவேகமாகப் புரட்டினாள். பாதுஷாவுக்கு நாலு பக்கம் முன்னால், 'வெள்ளம் வடிந்த மறுநாள்' என்ற தலைப்பில் செங்காந்தி ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இது எப்படிக்கா இங்க வந்துச்சு?"

"மலருன்னா சைஸ் பெருசில்ல? மத்த பக்கத்தோட சேத்துத் தைக்க ஆகாது, வெட்டினா எழுத்துப் போயிரும்பாரு. அதனால வருசா வருசம் எங்கிட்டக் குடுத்துருவாரு. நானும் பலகாரக் குறிப்புக்காக எடுத்து வச்சுக்குவேன்."

புவனாவுக்கு முதலில் உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே ஆத்திரம் வந்தது. ஒரு திரைக்கு அந்தப் பக்கம் இவள் பொய்க்காரியாக உட்கார்ந்திருந்தாள், இந்தப் பக்கம் அந்த அத்தியாயம் நெய் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. கிழித்துத் தைக்கிற மனிதருக்கு மலரின் நினைப்பு ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டாமா?

"ஞாயித்துக்கெழம வாங்கிக்க. ஆனா அன்னிக்கே குடுத்திரணும். மைதா அளவு எனக்கு மனசுல நிக்காது" என்றாள் தாஜுன்னிசா.

ஞாயிற்றுக்கிழமை புவனா மலரை யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே உரக்கப் படித்தாள். வெள்ளம் வடிந்த மறுநாள் ராஜாவின் ஆட்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். எந்தக் கிணறு வற்றியது என்று வீடு வீடாகக் கேட்கிறார்கள். செங்காந்தியும் கூடவே நடக்கிறாள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளி தண்ணீரில் விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். கோவிந்தராஜுலு கண்ணை மூடிக் கேட்டார். நாசர் நெய்க்கறையைப் பார்த்ததுமே அது எந்த வீட்டு மலர் என்று கண்டுகொண்டார்.

"தைக்க ஆகாதுன்னு நாந்தாங்க உள்ள குடுத்தேன்" என்று மெல்ல முனகினார்.

கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கிருபாசங்கர் கையை உயர்த்தினார். புவனா நிறுத்தினாள். ஒரு வாக்கியம் வரும் என்று எதிர்பார்த்தாள். நீங்க சொன்னது சரிதானுங்க. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கிருபாசங்கர் கையை இறக்கினார். "ஒண்ணு சொல்றனுங்க, தப்பா எடுத்துக்கக் கூடாது. மலர்ல வர்றது கதைல சேராதுங்க. மலருக்குப் பக்கம் நெறப்போணும்னு தனியாக் கேட்டு வாங்குவாங்க. வாராவாரம் வந்ததுதானுங்க மூலக்கதை."

"அதுவும் ஒரு ஞாயந்தான்" என்றார் கோவிந்தராஜுலு கண்ணைத் திறக்காமல்.

"இதுல கெணறு வத்துதுங்க" என்றாள் புவனா.

"வத்தட்டுங்க. அது மலர்க் கெணறுங்க. ஓட்டை ஓட்டைதானுங்க."

இந்த மனிதருக்கு எதைக் கொண்டுவந்து காட்டினாலும் இப்படித்தான் என்று புவனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதியவரே நேரில் வந்து நின்றாலும், நீங்கள் உங்கள் கதையில் சேர மாட்டீர்கள் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார். அவள் மலரை மூடினாள்.

"ஏனுங்க மூடிப்போட்டீங்க?" கிருபாசங்கர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "கடைசிப் பக்கம் இருக்குதுங்களே. யாரு கெணறுங்க அது?"

"கதைல சேராததைத் தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

"அட, சும்மா தெரிஞ்சுக்கத்தானுங்க."

"அக்கா பலகாரம் போடோணுமாமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து திரையை விலக்கி உள்ளே போனாள்.

முன்னறையில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லும் சத்தம் கேட்டது. நீங்கள் குறுக்கே பேசியிருக்கக் கூடாது என்று கோவிந்தராஜுலு, மலரையும் நீங்கள் தைத்திருக்க வேண்டியதுதானே என்று நாசரிடம் கிருபாசங்கர். புவனாவுக்கு அதிலும் சந்தோஷம் இல்லை. அந்த அத்தியாயம் மறுபடியும் அவளோடு மட்டும்தான் இருந்தது. மலரை மேடையில் வைத்துவிட்டுக் கிளம்பப் போனாள்.

தாஜுன்னிசா பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடினாள். எப்போதும்போல அடங்கிய குரலில், "எனக்கு அந்தக் கடைசிப் பக்கந்தான் புடிக்கல" என்றாள்.

புவனா நின்றாள். "நீங்க படிச்சீங்களாக்கா?"

"மாவு ஊறுற வரைக்கும் வேற என்ன பண்றது? நாலஞ்சு தடவ படிச்சிருக்கேன். நாட்டுல அத்தனை கெணறு இருக்குது. அத்தனையும் விட்டுப்போட்டு அந்தச் செங்காந்தியோட அம்மா ஊட்டுக் கெணறேதான் வத்தணுமா? எந்தக் கெணறுன்னு யாருக்கும் தெரியாதுன்னு சட்டம் போட்டாரு. அப்புறம் அழ வைக்கணும்னு அவரே பாத்துப் பாத்து எடுக்கறாரு. அது மந்திரத்தோட கணக்கில்ல, எழுதறவரோட கணக்கு."

புவனாவுக்கு அது தோன்றியதே இல்லை. தான் இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிந்த அத்தியாயத்தில், கிருபாசங்கர் சொன்னதைவிடப் பெரிய ஓட்டையைத் தாஜுன்னிசா மாவை மூடிக்கொண்டே போட்டுவிட்டாள். கோபமாகக்கூட இருந்தது. மறுத்துச் சொல்ல வாய் துறுதுறுத்தது. பையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முன்னறையில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு நாற்காலி திரைப்பக்கமாக நகரும் சத்தம் கேட்டது.

"இல்லக்கா, நான் அப்படி நெனைக்கல" என்று புவனா குரலை நன்றாக இறக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.